தினுஷாவின் லைன் மூடிய செய்தி

அன்பு மகள் கிறேசுக்கு,

மாதாவின் காவலில் நாங்கள் மூவரும் இருக்கிறோம், அங்கே நீயும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே என் மன்றாட்டு. போனில் கதைத்தால் தங்கச்சி தினுஷா பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பாள், அதனால்தான் லீவு முடிந்து உங்கள் ஜோர்தான் தையல் தொழிற்சாலைக்குத் திரும்பி வரும் கிண்ணியா றம்லாவிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். வாடை தொடங்கிவிட்டது, அப்பாவின் வள்ளம் கரையில் கிடக்கிறது, அவர் கதிரையில் சாய்ந்துகொண்டு என்னோடு கொழுவுகிறார், அது ஒன்றும் புதினமில்லை.

புதினம் என்னவென்றால் தினுஷாவுக்கு வேலை போய்விட்டது. அமெரிக்காக்காரன் வரி கூட்டினான் அல்லவா, அது கூடுமுன் உடுப்பெல்லாம் கப்பலேற வேண்டும் என்று காமென்ற் தொழிற்சாலையில் மாடாய் வேலை வாங்கினார்கள். கெதியா முடிச்சுக் குடுத்தா அடுத்த ஓடரும் எங்களுக்குத்தான் அம்மா என்று சொல்லி, ஞாயிறு பூசைக்கும் வராமல் இவளும் மற்றப் பிள்ளைகளும் போட்டி போட்டுத் தைத்தார்கள். பாவங்கள், கெதியாய் முடித்தார்கள், வேலையும் கெதியாய் முடிந்தது. அடுத்த ஓடர் வரவில்லை, அவளுடைய லைனையே, அந்த மெஷின் வரிசை முழுவதையும், மூடிவிட்டார்கள். அங்கே வரி குறைவு என்று, இவள் தைத்த அதே காற்சட்டையை இப்போது ஜோர்தானில் தைக்கக் கொடுத்துவிட்டார்களாம், சூப்பர்வைசர் சொன்னாராம். தையலை விட்டால் இந்த நாட்டில் பொம்பிளைப் பிள்ளைகளுக்கு வேறு என்ன இருக்கிறது, இதுகள் இனி எங்கே போகும்?

உன் ஒப்பந்தம் நீடிக்க வேண்டும், உங்கள் தொழிற்சாலைக்கு வேலை வந்து குவிய வேண்டும் என்று பாலையூற்று லூர்து மாதாவுக்கு நேர்த்தி வைத்து ஒன்பது சனிக்கிழமை முழங்காலில் நின்றவள் நான்தானே. மாதா தந்துவிட்டார். யாரிடமிருந்து எடுத்துத் தருவார் என்று இந்த மடைச்சி யோசிக்கவில்லை. நேர்த்தியைச் செலுத்தப் போக எனக்குக் கால் வரவில்லை. தினுஷாதான், எழும்புங்கோ அம்மா, அக்காவுக்காவது கிடைச்சுதே, மாதாவோட என்ன கோவம் என்று சேலையை எடுத்துத் தந்து கூட்டிக்கொண்டு போனாள். மெழுகுதிரியையும் அவளே கொளுத்தினாள். நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

உன்னில் ஒரு பிழையும் இல்லை மகள். அந்தக் காற்சட்டை உன் மெஷினுக்கு வந்தால் மனம் நோகாமல் வடிவாய்த் தை. நேரத்துக்குச் சாப்பிடு, குளிருக்குச் சுவெட்டர் போடு. ஆண்டவர் உன் கைகளை ஆசீர்வதிப்பாராக. ஒன்றே ஒன்று, தினுஷாவோடு கதைக்கும்போது ஓவர்டைம் கூடிப்போச்சு, களைப்பாய்க் கிடக்கு என்று மட்டும் சொல்லிவிடாதே.

உன் அம்மா
பிலோமினா
பாலையூற்று, திருகோணமலை