அசனச் சோறு தின்ற பசு

ஸ்ரீவில்லிபுத்தூர்
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் ஆஸ்டினுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் என் முழங்கால் தவிர இங்கே எல்லோரும் சுகம். மஸ்கட்டில் நீயும் மருமகளும் ஜெமிக்குட்டியும் சுகமாயிருக்க அந்த முழங்காலைத்தான் தினமும் ஊன்றி ஜெபிக்கிறேன். போனில் பேச ஆரம்பித்தால் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார்.

நேற்று உன் தங்கை எப்சி கழுத்துச் செயினைக் கழற்றிக்கொண்டு அடகுக்கடைக்குக் கிளம்பினாள். கேட்டால், செத்த பசுவுக்கு அண்ணன் மாதம் ஐயாயிரம் திருப்பிக் கேட்கிறான் என்கிறாள். ஏலே, போன லீவில் கறிக்குழம்பை ஆறவிட்டு நீ எடுத்த பாடம் எனக்கு ஓர் எழுத்து மறக்கவில்லை. எங்க இஸ்லாமிய பேங்கில வட்டி ஹராம்மா, ஒருத்தர் பணம் போடுவாரு, ஒருத்தர் உழைப்பாரு, லாபத்துல முன்னாலயே பேசின பங்கு, நஷ்டம்னா பணம் போட்டவர் தலையில, உழைச்சவருக்கு உழைப்பு போச்சு, அதே மாதிரி எப்சிக்கு ஒரு பசு வாங்கித் தாரேன் என்றாய். ஆட்டை வாரத்துக்கு விட்டுக் குட்டியைப் பாதி பிரிக்கிற ஊரில் இது என்னலே புதுசு என்றேன், உனக்கு ரோசம் வந்துவிட்டது. பால்கோவா கடைக்குப் பால் ஊற்றி ஏழு மாதம் பங்கு அனுப்பியபோது அவள் கூட்டாளி, பசு செத்ததும் கடன்காரியா? என் கூடப்பிறந்த உன் மாமா ராஜரத்தினம், உன் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மூவாயிரம் என்று சொல்லி, வட்டியை முன்னாலேயே பிடித்துக்கொண்டு இரண்டாயிரத்து எழுநூறை எண்ணித் தந்தாரே, அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து அவிய வீட்டில் நான் காபித் தண்ணி குடித்ததில்லை. உனக்கும் அந்த ரத்தம் கொஞ்சம் ஓடத்தானே செய்யும்.

ஆனால் உன் பாடத்தில் இன்னொன்றும் உண்டு, அதையும் நான் மறக்கவில்லை. உழைத்தவர் அசட்டையாக இருந்து கெடுத்தால் நஷ்டம் அவர் தலையில்தான். தீவனத்தில் கவனமில்லை என்று மாட்டு டாக்டர் சொன்னதை வைத்துத்தான் நீ அவளைப் பிடிக்கிறாய். அவள் வாயைத் திறக்கவில்லை, நான் திறக்கிறேன். நம் சபை அசன விருந்தில் மிச்சமான சோற்றை ஒரு வாளி நிறைய வாங்கிவந்து, ஜெபம் பண்ணி ஆக்கின சோறு வாயில்லாச் சீவனுக்கும் கிடைக்கட்டுமே என்று, எப்சி பால் ஊற்றப் போன நேரம் பார்த்து வைத்தது நான்தான். அம்புட்டையும் தின்றது. வயிறு உப்பிப் படுத்தது எழுந்திருக்கவில்லை. டாக்டர் அதட்டியபோது, நாந்தான் சார் வச்சேன் என்று அவள் முந்திக்கொண்டாள், நானும் சும்மா நின்றுவிட்டேன்.

ஆகவே கெடுத்தவள் நான். எனக்கு அனுப்புகிற மூவாயிரத்தில் மாதம் ஐந்நூறு பிடித்துக்கொள். எழுபத்தாறு வயதில் ஆரம்பித்தால் எப்போது அடைபடும் என்று உன் பேங்கில் கேட்டுச் சொல். வட்டி மட்டும் சேர்த்தாயோ, உன் வீட்டிலும் காபி குடிக்கமாட்டேன். செயினைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் போட்டிருக்கிறேன், நீ அவளுக்குப் போன் போட்டுத் தங்கச்சி என்று கூப்பிட்ட பொறவுதான் வெளியே வரும்.

ஜெமிக்கு அப்பத்தாவின் முத்தம். ஆண்டவர் உன் கையின் வேலையையும், கூடவே உன் ஞாபகத்தையும் ஆசீர்வதிக்கட்டும். தினமும் சோறு பொங்க அந்தப் பானைக்குள்தான் கைவிட வேண்டும், கடிதம் கிடைத்ததும் பேசிவிடு.

இப்படிக்கு
உன் புதுக் கடன்காரி
அம்மா ஞானரத்தினம்