வேலப்பர் நேர்த்தியும் மதுரை மாத்திரையும்

சுருளிப்பட்டி,
ஈஸ்வர வருஷம் கார்த்திகை மாதம்.

என் கண்ணு பவுனுக்கு ஆத்தா எழுதிக்கொண்டது. சுருளி வேலப்பர் காவலில் நீயும் மாப்பிள்ளையும் கொழும்பில் சுகமாக இருக்கவேண்டும். இங்கே உன் அய்யா சுகம், தம்பி கர்ணன் சுகம், ஆடு மாடு சுகம், இந்தத் தடவை நானும் அந்த வரிசையில் சேர்த்தி. எழுத்தைப் பார்த்தவுடனே உனக்குத் தெரிந்திருக்கும், இதுவரை வந்த கடுதாசியெல்லாம் கர்ணன் எழுதியது, இது என் கை எழுதியது. அம்மாவுக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று உன் அத்தை அக்கம்மாள் யாரிடமோ சொல்லி எழுதியனுப்பியதைப் படித்துவிட்டு நீ அழுதுகொண்டு பதில் போட்டிருந்தாய். வயிற்றுப் பிள்ளைக்காரி அழக்கூடாது. நடந்ததை நடந்தபடி நானே எழுதுகிறேன், உட்கார்ந்து ஒரு டம்ளர் பால் குடித்துக்கொண்டே படி.

நீ கப்பல் ஏறிப்போன மறு வருஷமே எனக்கு உடம்பு ஒரு மாதிரியாகிவிட்டது. நோய் என்று சொல்லவும் முடியாது, காய்ச்சல் இல்லை, வலி இல்லை. ஆனால் சித்திரை வெயிலில் எனக்கு மட்டும் குளிரும். ஊரே விசிறிக்கொண்டிருக்கும்போது நான் அய்யாவின் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். உட்கார்ந்த இடத்தில் தூக்கம், எழுந்தால் காலில் கல்லைக் கட்டிவிட்டது போல இருக்கும். முடி கொட்டி, முகம் உப்பி, வளையல் கையில் இறுகி, சாப்பிடுவது கால் வயிறாக இருந்தும் உடம்பு மட்டும் பெருத்துக்கொண்டே போயிற்று. அத்தை வந்து பார்த்துவிட்டு, "மக காசு அனுப்புறா, மருமகன் துணி அனுப்புறாக, இவளுக்கென்ன, சொகத்துல ஊதிப்போயிட்டா" என்று தெருவெல்லாம் சொன்னாக. குரலும் கட்டைக் குரலாகிவிட்டது. ஒரு நாள் கோம்பையிலிருந்து விதை நெல் கேட்டு ஒருவர் வந்தார், நான் உள்ளேயிருந்து யாரு என்று கேட்டேன், அவர் வாசலிலேயே நின்றுகொண்டு, "அண்ணே, செத்த வெளிய வாங்கண்ணே, ஒரு சேதி" என்றாரே பார்க்கலாம். கர்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன், அப்புறம் மாட்டுக்கொட்டத்துக்குப் போய் அழுதேன்.

வைத்தியத்துக்குக் குறைவில்லை. ஆளுக்கு ஒன்று சொன்னாக. முதலில் கொள்ளு. சோற்றை நிறுத்து, கொள்ளுக் கஞ்சி குடி, ஊளைச்சதை வடிந்துவிடும் என்றாக. குடித்தேன், சதை அங்கனயே இருந்தது, இருந்த தெம்புதான் வடிந்தது. பிறகு கம்பம் சந்தையில் ஒருவன் ரத்தவிருத்தி டானிக் என்று வெல்லப்பாகு நிறத்தில் பாட்டில் விற்றான், உன் அய்யா வாங்கி வந்தார்கள். மூடியைத் திறந்ததும் சாராய வாடை. அதைக் குடித்துவிட்டு இன்னும் நன்றாகத் தூங்கினேன். பள்ளிக்கூடத்து வாத்தியார் மீனெண்ணெய் நல்லது என்று ஒரு பாட்டில் கொடுத்துவிட்டார். மீன் என்றால் எனக்கு ஆகாது, அதன் காரணத்தைக் கீழே சொல்கிறேன். கொடுத்தவர் மனம் நோகக்கூடாது என்று தினமும் ஒரு கரண்டி எடுத்து நாயின் சோற்றில் ஊற்றினேன். நம் நாய் இப்போது பட்டுப்போல மினுமினுக்கிறது, வாத்தியாரும் வரும்போதெல்லாம் என்னைப் பார்த்து, மருந்து வேலை செய்கிறது போல என்று சொல்லிவிட்டுப் போவார். கடைசியில் அத்தை ஒரு கோடாங்கியைக் கூட்டிவந்தாக, ஆத்தங்கரையில் ஏதோ பிடித்திருக்கிறதாம். அந்த மனுஷர் என்னை எதிரே உட்காரவைத்து உடுக்கை அடித்து, "யாரு நீ, எங்கனயிருந்து வந்த, சொல்லு" என்று அதட்டினார். உடுக்கைச் சத்தம் தாலாட்டுப் போலிருந்தது, நான் உட்கார்ந்தபடியே குறட்டை விட்டேனாம். அவர் வேர்த்து விறுவிறுத்து எழுந்து, "இது பேயின்னா இதுக்கு மேல ஒரு சோம்பேறிப் பேயி நான் பார்த்ததில்ல" என்று சொல்லிவிட்டுக் கோழியை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இதெல்லாம் சிரிப்பு. சிரிப்பில்லாத ஒன்றும் நடந்தது. அத்தை தன் கொழுந்தன் மகள் ஒருத்தியை மனதில் வைத்துக்கொண்டு உன் அய்யாவிடம், "தம்பி, வீட்டுக்கு ஒரு பொம்பள வேணும்டா, இவ இனி எந்திரிக்க மாட்டா, நாளக் கடத்தாம முடிச்சிரு" என்று சொன்னாக. நான் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருந்தேன், காது மட்டும் எனக்குக் கெட்டுப்போகவில்லை. உன் அய்யா எழுந்துபோய்க் காளைக்கு வைக்கோல் போட்டுவிட்டு வந்தார்கள். அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு எப்படி இருந்தது என்று எழுத வராது. பிறகு, "காளைக்குக் கோமாரி வந்தப்ப பெரியகுளம் வரைக்கும் நடத்திக் கூட்டிட்டுப் போனேன், இவளுக்கு இன்னும் ஒரு நல்ல டாக்டருகிட்டகூடக் காட்டல. காட்டிப்போட்டு அப்புறம் பேசுவோம். பேச என்ன இருக்கு, பேச ஒண்ணுமில்ல, நீ கெளம்புக்கா" என்றார்கள். மறுநாள் விடிந்ததும் கம்பத்தில் பஸ் ஏறித் தேனிக்குப் போய், தேனியில் ரயில் ஏறி மதுரைக்குப் போனோம். பொம்பளைகள் ஆஸ்பத்திரியில் ஒரு மலையாளத்து டாக்டரம்மா. நான் உள்ளே போய் உட்காருவதற்குள்ளேயே அவர்கள், "இத்தனை வெயிலில் கம்பளி எதுக்கு?" என்று கேட்டார்கள். கையைத் தடவினார்கள், மரப்பட்டை மாதிரி இருந்தது. சின்னச் சுத்தியல் ஒன்றால் முழங்காலுக்குக் கீழே தட்டினார்கள், கால் யோசித்து யோசித்து எழும்பி, யோசித்து யோசித்து இறங்கியது. எழுந்துபோய் ஜன்னல் கதவை நன்றாகத் திறந்துவைத்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இது மடியல்ல, கேட்டோ" என்றார்கள். உன் அய்யாவுக்கு விளங்கவில்லை. குமுளிக்குப் போய்வருகிற கம்பத்துக்காரிக்கு விளங்காதா, மலையாளத்தில் மடி என்றால் சோம்பல். இது சோம்பல் இல்லை என்று ஒரு ஆள், அதுவும் படித்த ஆள், என் முகத்தைப் பார்த்துச் சொன்னது அன்றைக்குத்தான். மருந்து ஒரு பொட்டு உள்ளே போகுமுன்னே எனக்குப் பாதி சொஸ்தமாகிவிட்டது பவுனு.

தொண்டைக்கு முன்னால் எல்லோருக்கும் ஒரு சின்னச் சுரப்பி இருக்கிறதாம். அதிலிருந்து ஊறுகிற நீர்தான் உடம்பில் சூட்டையும் சுறுசுறுப்பையும் வைத்திருக்கிறதாம். எனக்கு அது வற்றிப்போய்விட்டதாம். அந்த நீர் இல்லாமல் பட்டினி கிடந்தாலும் பலனில்லை, டானிக் குடித்தாலும் பலனில்லை, அந்த நீரையேதான் கொடுக்கவேண்டும், தினம் ஒரு மாத்திரை, ஆயுசுக்கும். சீமையிலிருந்து வருகிறது என்றார்கள். எதில் செய்கிறார்கள் என்று உன் அய்யா கேட்டார்கள், கேட்காமல் இருந்திருக்கலாம். ஆட்டின் கழுத்துச் சுரப்பியைக் காயவைத்துப் பொடித்துச் செய்வதாம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உனக்குச் சொல்லாமல் ஒரு நேர்த்தி வைத்திருந்தேன். உனக்குக் கல்யாணமாகி வருஷங்கள் போயும் வயிறு திறக்கவில்லை என்று, உன் பிள்ளையை என் மடியில் வாங்கும்வரை கறி மீன் தொடுவதில்லை என்று வேலப்பர் சந்நிதியில் சொல்லியிருந்தேன். மாத்திரையைக் கொண்டுவந்து அரிசிப் பானைமேல் வைத்ததோடு சரி, வாயில் போடவில்லை. அய்யா கெஞ்சினார்கள், கோபித்தார்கள், நான் அசையவில்லை. அந்த வாரமே நீ முழுகாமல் இருக்கிறாய் என்று உன் கடுதாசி வந்தது. நேர்த்தி பலித்துவிட்டதே, இப்போது போய் அதை முறித்தால் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? மாத்திரையை எடுத்து வாய்க்காலில் போடுவதற்கே புறப்பட்டேன்.

வாசலில் பக்கத்து வீட்டு மூக்கம்மாள் தன் கைக்குழந்தையைக் கொண்டுவந்து, "மதினி, செத்த நேரம் வச்சிருங்க, களத்துல நெல்லு கெடக்கு, மேகம் கறுத்திருச்சு" என்று என்னை அங்கனயே உட்காரவைத்து மடியில் போட்டுவிட்டு ஓடினாள். பிள்ளை சிரித்தது, நானும் தட்டிக்கொடுத்தேன், அவ்வளவுதான் எனக்கு ஞாபகம். மூக்கம்மாளின் அலறல் கேட்டுக் கண்ணைத் திறந்தால் மடி காலி. பிள்ளை உருண்டு படியோரம் போய், அங்கே விரித்திருந்த வைக்கோலில் குப்புறக் கிடந்தது. அடி படவில்லை, தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. மூக்கம்மாள் அள்ளிக்கொண்டு போனாள், ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வைக்கோல் இல்லாத பக்கம் உருண்டிருந்தால் கருங்கல் படி. நான் அங்கனயே நின்றேன். உன் பிள்ளையை வாங்கத்தான் இந்த மடி என்று நேர்ந்துகொண்டேனே, இந்த மடியில் எந்தத் தாய் பிள்ளையைக் கொடுப்பாள்? உள்ளே போய்ச் சுருளி மலை இருக்கும் திசையைப் பார்த்து நின்று, "சாமி, குத்தம்னா எங்கிட்டக் கேளு, எம் மககிட்டயும் அந்தப் பிஞ்சுகிட்டயும் கேக்காத" என்று சொல்லி ஒரு மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீரைக் குடித்தேன். களத்திலிருந்து திரும்பிய அய்யா பானைமேல் பொட்டலம் பிரிந்திருப்பதைப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார்கள். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனதை நான் பார்த்தேன்.

கொஞ்ச நாள் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு காலையில் தோசைக்கல்லுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கையில் மூக்கு நுனியில் ஒரு சொட்டு விழுந்தது. வியர்வை! எனக்கு வேர்த்து எத்தனை காலம். கர்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன், பைத்தியம் என்று நினைத்திருப்பான். அப்புறம் வளையல் கழன்றது, முகம் வடிந்தது, குரல் என் குரலாயிற்று, மலச்சிக்கல்கூடப் போய்விட்டது. ஒன்றுக்கே இவ்வளவு என்றால் ரெண்டு போட்டால் என்ன என்று ஆசைப்பட்டு ஒரு வாரம் ரெண்டு ரெண்டாகப் போட்டேன். நெஞ்சு அரவை மிஷின் மாதிரி அடித்துக்கொண்டது, கை நடுங்கியது, நம் வாசலோடு நிற்காமல் தெருவையே கூட்டினேன், மாட்டைக் குளிப்பாட்டினேன், அத்தையிடம் போய் அந்தச் சுவர்ப் பேச்சைக் கேட்டே விட்டேன். எனக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று அத்தை உனக்கு எழுதியனுப்பியது அதற்கப்புறந்தான். டாக்டரம்மாவிடம் வாங்கிய ஏச்சு அத்தைக்குக் கொடுத்ததைவிடப் பெரிது. மறுபடி ஒன்றுதான். நேர்த்தியைப் பற்றி அவர்களிடம் சொன்னேன், சிரிக்கவில்லை, "மருந்து சாப்பாடல்ல அம்மா" என்று மட்டும் சொன்னார்கள். கறி மீன் இன்னமும் தொடவில்லை. இப்போது உன் அத்தை தினமும் வந்து, "ஆத்தா கஸ்தூரி, அந்த மெலியுற மாத்திரையில எனக்கொண்ணு குடு" என்று நிற்கிறாக. தரமாட்டேன் என்று சொல்லி, போன தடவை மதுரைக்கு அவர்களையும் கூட்டிப்போனேன். டாக்டரம்மா சுத்தியலால் தட்டியதும் அத்தையின் கால் டாக்டரம்மாவையே உதைக்கப் பார்த்தது. சுரப்பி நன்றாக இருக்கிறது, அதிரசத்தைக் குறைக்கச் சொன்னார்கள். அத்தைக்கு இதில் ரொம்ப வருத்தம்.

நீ கீரை சாப்பிடு, கேப்பைக் கூழ் குடி, அங்கே மீன் நன்றாகக் கிடைக்கும், என் நேர்த்திக்காக நீ விடவேண்டாம். யார் என்ன டானிக் கொடுத்தாலும் டாக்டரைக் கேட்காமல் குடிக்காதே. இன்னொன்று, இது முக்கியம். சில வீடுகளில் தாய்க்கு வந்தது மகளுக்கும் வரும் என்று டாக்டரம்மா சொன்னார்கள். பிள்ளை பெற்ற பிறகு காரணமில்லாமல் குளிர்ந்தால், தூங்கித் தூங்கி விழுந்தால், உன்னை யாராவது சோம்பேறி என்று சொன்னால், மாப்பிள்ளையே சொன்னாலும், நம்பாதே, உடனே போய்க் காட்டு. இந்த இடத்தை மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு.

தை பிறந்ததும் புறப்பட்டு வா. தனுஷ்கோடிக்கு அய்யா மட்டும் வந்து கூட்டிவருவார்கள் என்று எழுதச் சொல்கிறார்கள், நான் அப்படி எழுதமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கப்பல் துறையில் நான்தான் முன்னால் நிற்பேன். கொட்டிய முடி இப்போதுதான் பொடிப்பொடியாக முளைத்துச் சின்னப் பையன் தலை மாதிரி இருக்கிறது, யாரோ என்று நினைத்துத் தாண்டிப் போய்விடாதே. பேர் சொல்லிக் கூப்பிடுவேன், குரலைக் கேட்டு நில்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் வயிற்றிலிருக்கும் என் தங்கத்துக்கும் வேலப்பர் துணை. படியில் இறங்கும்போது பார்த்து இறங்கு.

இப்படிக்கு,
உன் வரவுக்கு நாள் எண்ணும் ஆத்தா,
கஸ்தூரியம்மாள்.