ஏரிக்கரை வளைவின் இடது ஓரம்

உத்திரமேரூர்
14-5-79

அன்புள்ள வேதா,

இங்கே எல்லோரும் சுகம், கார் ஒன்றைத் தவிர. போன ஞாயிறு நீ ஓட்டிவிட்டு மில் ஷெட்டில் விட்டுப்போன பியட்டை நேற்று நான் எடுத்தேன். இடது பக்கம் முழுக்க வேலிகாத்தான் முள் கீறல். பெயின்ட் அடித்து மாதம்கூட ஆகவில்லையே அய்யா!

பின் ஸ்பிரிங் பட்டையில் ஒன்று கூட்டியிருக்கிறாய். உன் மாதிரி வளைவுக்குள் நுழைந்தபின் ஹேண்ட் பிரேக்கை இழுத்து வாலை வீசுகிறவனுக்கு அது சரி. வளைவுக்கு முன்பே பிரேக் போட்டுவிட்டு ஒரே சீராக மிதித்துக்கொண்டு போகிற எனக்குக் குடல் வாய்க்கு வந்துவிட்டது. கழற்றிவிட்டேன். திட்டாதே.

டிரைவர் சீட்டின் முதுகில், வலது ஓரமாக, கோணி சுற்றி ஒரு மரக்கட்டையைக் கட்டியிருக்கிறாயே, அது எதற்கு? உட்கார்ந்தால் உடம்பு இடது பக்கமே திரும்பி நிற்கிறது.

நாம் ஒன்றாக வந்தால் ஓட்டுவதை விட்டு வம்பளப்போம் என்றுதான் காரின் சொந்தக்காரர், மில்காரர் பஞ்சாட்சரம், பந்தயப் பயிற்சிக்கு ஆளுக்கொரு ஞாயிறு பிரித்தார். கடிதத்தில் வம்பளக்கத் தடை இல்லை.

உன்,
தாமோதரன்

பெரம்பூர், சென்னை-11
21-5-79

அன்புள்ள தாமு,

வளைவுக்கு ஒரு பர்லாங் முன்பே பிரேக் போடுகிற கிழவனுக்கு வணக்கம். பட்டையை நேற்று திரும்ப மாட்டிவிட்டேன்.

கீறலுக்கு நான் என்ன செய்ய? உங்கள் ஊர் ரோடு வேலிக்குள் போகிறது. கட்டை என் புது டெக்னிக். வைத்து ஓட்டிப் பார், அப்புறம் பேசு. அடுத்த மாதக் கடைசியில் கார் ராலி. ஓட்டப் போவது ஒருவன்தான். அது நான்தான் என்று மில்காரரிடம் சொல்லி வை.

உன் வீட்டுக்காரி சுலோச்சனா கொடுத்தனுப்பிய வேர்க்கடலையை என் வீட்டுக்காரி செல்லம்மாள் எனக்குக் காட்டவே இல்லை.

உன்,
வேதாசலம்

உத்திரமேரூர்
28-5-79

அன்புள்ள வேதா,

நேற்று உன் கட்டையோடு ஓட்டினேன். கழுத்துப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். இப்படி உட்கார்ந்து ஒருவன் ஏன் ஓட்டுவான் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

வண்டியை நிறுத்தி, துண்டால் என் இடது கண்ணைக் கட்டிக்கொண்டேன். கட்டையை எடுத்துவிட்டு, ஏரிக்கரை ரோட்டில் மாட்டு வண்டி வேகத்தில் போனேன். இடது கை வளைவில் ரோடு எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. சரசரவென்று முள்ளுக்குள் விட்டேன். அங்கே முள் வெட்டிக்கொண்டிருந்த மாசி ஓடி வந்தார். “அண்ணே, அன்னிக்கி வந்தவரும் இங்கதான் வுட்டாரு” என்றார்.

கட்டை இல்லாமலும் ஓட்டிப் பார்த்திருக்கிறாய், இல்லையா?

கண்ணில் கட்டிய துண்டை அவிழ்க்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். சுலோச்சனா, “இன்னாங்க இது, ஒத்தக் கண்ணக் கட்டிக்கினு வந்து நிக்கிறீங்க?” என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வேதா, உன் இடது கண்ணுக்கு என்ன?

தாமு

பெரம்பூர்
30-5-79

தாமு,

போன வருஷ ராலியில் முன்கண்ணாடி உடைந்ததே, அப்போது பட்டது. வெளியே ஆறிவிட்டது. உள்ளே வெளிச்சம் இல்லை, இனி வராதாம். செல்லம்மாளுக்கே தெரியாது. உனக்குத் தெரிந்துவிட்டது.

காலையிலிருந்து மாலை வரை ஆபீசில் கவர் ஒட்டுகிறேன். வருஷத்தில் சில நாள் அந்த ஸ்டியரிங்கைப் பிடிக்கத்தான் மற்ற நாளெல்லாம் ஒட்டுகிறேன். அதையும் பிடுங்கினால் நான் என்ன செய்வேன்? ஒரு கண்ணே எனக்குப் போதும், பழகிவிட்டது. மில்காரரிடம் சொல்லாதே. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

வேதா

உத்திரமேரூர்
1-6-79

அன்புள்ள வேதா,

படித்துவிட்டு அழுதேன். மில்காரரிடம் சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டியவன் நீ.

ஆனால் அந்த வளைவு தாண்டினால் மாசியின் குடிசைகள். பிள்ளைகள் இடது ஓரமாகத்தான் தண்ணீருக்குப் போகின்றன. ஞாயிறு உன் முறை. நீ வண்டியை எடுத்தால், பிள்ளைகளை அனுப்பிவிட்டு அந்த ஓரத்தில் நான் நிற்பேன்.

கோபம் வந்தால் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

என்றும் உன்,
தாமு

பெரம்பூர்
7-6-79

அன்புள்ள தாமு,

நீ நிற்பாய், தூரத்திலேயே பார்த்து நிறுத்தி உன் வாயை அடைப்பேன் என்றுதான் வந்தேன். மெதுவாகத்தான் வந்தேன். கட்டை இல்லாமல் வந்தேன், வீம்புக்கு.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் உன்னைப் பார்க்கவில்லை. மாசி போட்ட கூச்சலில்தான் பிரேக்கை மிதித்தேன். நின்றபிறகு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உன் முகம். நீ நகரவே இல்லையேடா, பாவி!

வண்டியை அங்கேயே விட்டு இறங்கி நடந்தேன். நீ கூப்பிட்டிருந்தால் நடு ரோட்டில் அழுதிருப்பேன்.

நேராக மில்லுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். பஞ்சாட்சரம் வெற்றிலையைத் துப்பினார். பிறகு, “அதுக்கு இன்னாப்பா? அந்தாண்ட சீட்டு காலியாத்தானே கீது? அவன் ஓட்டட்டும், நீ வழி சொல்லு” என்றார். செல்லம்மாளிடமும் சொன்னேன். இரண்டு நாளாகப் பேச்சு இல்லை, சோறு மட்டும் வருகிறது.

ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். பின் பட்டையை உன் இஷ்டத்துக்குக் கழற்றிக்கொள். கட்டையை மட்டும் எறிந்துவிடாதே. அதை இடது சீட்டுக்கு மாற்று. இந்த முறை இடது ஓரமாகக் கட்டு, உடம்பு உன் பக்கம் திரும்பி இருக்கும்படி. ரோட்டை நீ பார்த்துக்கொள். நீ எவ்வளவு சீக்கிரம் பிரேக் போடுகிறாய் என்று பார்த்துக்கொண்டே வருகிறேன்.

உன்,
வேதா