காது ஒன்று, வாய் ஐந்து

மார்ச் 3, செவ்வாய்

சிக்கு, நீங்கள் போய் ஐந்து வாரம் ஆகிறது. நீங்கள் பார்த்துக்கொண்ட நெட் லைன் கட்டிடத்தில் அறுபது வீட்டுக்கும் ஒழுங்காகத்தான் வருகிறது. அதனால் யாரும் என்னை வந்து பார்ப்பதில்லை. நெட் நின்றால்தானே நம் கதவு அவர்களுக்கு ஞாபகம் வரும்.

இது உங்கள் புகார் நோட்டு. பாதிக்கு மேல் வெள்ளைத்தாளாகக் கிடந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்னத்தை எழுதப் போகிறாள் என்று சிரிக்க வேண்டாம். ஊரே இதில் உங்களிடம் புகார் எழுதியாயிற்று. இனி நான்.

மார்ச் 5, வியாழன்

உங்கள் அலமாரியைத் துடைத்தேன். அலமாரி என்று மரியாதைக்குச் சொல்கிறேன். உள்ளே ஒயர்க் காடு. கல்யாணமான புதிதில் உங்களுக்குச் சிக்கு என்று பெயர் வைத்தேனே, அது சும்மாவா?

எல்லாவற்றிலும் வெள்ளை டேப் ஒட்டி எழுதி வைத்திருக்கிறீர்கள். வெளியிலிருந்து லைன் வருகிற பெட்டி ‘வாசல்’. மாடிக்குப் போகிற ஐந்து ஒயரும் மாடி 1, மாடி 2 என்று வரிசையாக. சரி. நடுவில் கறுப்பாக ஒரு பெட்டி, தொட்டால் சூடு, ஓயாத இரைச்சல். அதன்மேல் ‘அத்தை’.

நீங்கள் அத்தை என்று கூப்பிட்டது உலகத்தில் ஒருத்தியைத்தான். என் அம்மாவை. நேரில் ‘வாங்க அத்தை, உட்காருங்க அத்தை’. முதுகுக்குப் பின்னால், வாய் மூடாத சூட்டுப் பெட்டிக்கு அவள் பெயர். எத்தனை வருஷமாக இந்தச் சிரிப்பு?

இல்லாத மனுஷன்மேல் கோபப்படக் கூடாதாம். பட்டேன். பிளக்கைப் பிடுங்கிப் போட்டேன். அதில் என் தையல் மிஷினைச் செருகினேன். இத்தனை நாள் சமையல் மூலையிலிருந்து ஒயர் இழுத்துத் தைத்தவள். மிஷின் ஜோராக ஓடியது.

மார்ச் 6, வெள்ளி

நேற்று பிளக்கைப் பிடுங்கிய பத்தாவது நிமிடம் அறுபது வீடும் நம் வாசலில். உங்களை எடுத்துப்போன அன்றைக்குக்கூட இவ்வளவு கூட்டம் இல்லை.

லைன் கம்பெனியிலிருந்து அந்த நெட்டைப் பையனைக் கூப்பிட்டேன். அவன் அத்தையை ஓரமாகத் தள்ளிவிட்டு, மாடி ஒயர் ஐந்தையும் நேராக ‘வாசல்’ பெட்டியில் செருகினான். இந்தப் பழைய பெட்டி எதற்கு, இல்லாமலே ஓடும் என்றான். ஓடியது. கேட்டீர்களா? இல்லாமலே ஓடுகிறது.

மார்ச் 8, ஞாயிறு

ஓடவில்லை.

மத்தியானம் கால்பந்து அரையிறுதி. அறுபது வீட்டிலும் அதே ஆட்டம். முதல் பத்து நிமிடம் சரி. அப்புறம் இரண்டாம் மாடியில் ‘கோல்’ என்று கத்தினார்கள். நான்காம் மாடிக்கு அந்தக் கோல் ஒரு நிமிடம் கழித்துப் போய்ச் சேர்ந்தது, நடந்தே போயிருக்கும். ஐந்தாம் மாடித் தாத்தா கீழே வந்து சொன்னார்: “பந்து ஆகாசத்துல நின்னுச்சும்மா. சாப்பிட்டு, கை கழுவிட்டு வந்து பாக்கறேன், அங்கேயே நிக்குது.”

பின்னாலேயே கட்டிடச் செயலாளர். அடுத்த ஞாயிறு இறுதி ஆட்டம். அன்றும் படம் நின்றால், ஆட்டம் முடிந்த கையோடு கூட்டம் போட்டு லைனைப் பெரிய கம்பெனியிடம் கொடுத்துவிடுவார்களாம். அவர்கள் மிஷின் வைக்க இந்த அறை வேண்டுமாம். லைன் பார்க்கிறவருக்குத்தான் அறை, அவர்தான் இல்லையே என்று நயமாக எடுத்துச் சொன்னார்.

“நீங்க உங்க தங்கச்சி வீட்ல போய் இருந்துக்கலாமேம்மா.”

எனக்குத் தங்கச்சி கிடையாது. பாவம், இவ்வளவு தூரம் யோசித்து ஏற்பாடு செய்திருக்கிறார்.

மார்ச் 9, திங்கள்

ஒரு தங்கச்சி இருந்திருக்கலாம்.

மார்ச் 11, புதன்

நெட்டையனை மறுபடி வரவழைத்தேன். ஆட்டம் ஒன்றுதானே, அதற்கா இத்தனை நெரிசல் என்று கேட்டேன்.

“ஆட்டம் ஒண்ணுதான்க்கா. ஆனா அறுபது வீடும் தனித்தனியா வெளிய போய் அதையே கேக்குது. அதே படம் அறுபது தடவ இந்த ஒத்த லைன்ல வரணும். எப்படி வரும்?”

லைனைப் பெரிசாக்கணுமாம். அது என்னால் ஆகாது.

“முன்னாடி மட்டும் எப்படிப்பா வந்துச்சு?”

“அண்ணன் ஏதாச்சும் பண்ணி வச்சிருப்பாரு.”

பண்ணித்தான் வைத்திருப்பார். அண்ணனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். பையன் முகம் செத்துவிட்டது. பிறகு டீ போட்டுக் கொடுத்தேன்.

மார்ச் 12, வியாழன்

காலையில் அம்மா வந்துவிட்டாள். அறை போகப்போகிற சேதி நான் சொல்லாமலே அவளுக்கு எட்டியிருக்கிறது. எப்படி என்று கேட்கவில்லை. அவளுக்கு எட்டாத சேதி எது?

தைத்த துணியைக் கொடுக்க நான் வெளியே போயிருந்தபோது செயலாளர் வந்து அம்மாவிடம், சனிக்கிழமை தண்ணீர்த் தொட்டி கழுவுகிறார்கள், எல்லா வீட்டுக்கும் என்னைச் சொல்லச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். திரும்பி வந்ததும், அம்மா சேதியைச் சொல்லி முடிப்பதற்குள் லிஃப்டில் ஐந்தாம் மாடிக்குப் போனேன். மூன்றாம் மாடித் திருப்பத்தில் நீங்கள் விழுந்த பிறகு நான் படியில் ஏறுவதில்லை.

கதவு தட்டினால், ‘தெரியுமே, உங்க அம்மா சொல்லிட்டாங்களே.’ அடுத்த கதவு, அதே பதில். நான்காம் மாடி, அதே பதில். முட்டிவலிக்காரி ஒரு படி ஏறவில்லை. கீழே படி ஓரமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மாடிக்கு ஒருத்தராக ஐந்து பேரைப் பிடித்துச் சொல்லியிருக்கிறாள். மிச்சத்தை அந்த ஐந்து பேர் பார்த்துக்கொண்டார்கள்.

லிஃப்டில் இறங்கும்போது பொறி தட்டியது. செயலாளர் ஒரு தடவைதான் சொன்னார். அறுபது பேர் போய் அவர் கதவைத் தட்டவில்லை. அம்மா ஒருத்தி கேட்டாள், கட்டிடம் முழுக்கப் போய்விட்டது.

ஓடிவந்து கறுப்புப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் ஆறு ஓட்டை. ஒன்றின் கீழ் ‘காது’. மற்ற ஐந்தின் கீழும் ‘வாய்’.

காது ஒன்று, வாய் ஐந்து. ஆட்டத்தை ஒரே தடவை வெளியே கேட்டு வாங்கி, ஐந்து மாடிக்கும் சொல்லிவிடுகிற பெட்டி. சாட்சாத் என் அம்மா.

உங்களைத் திட்டியதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். பாதிதான்.

அம்மாவிடம் காட்டி, எதற்கு இந்தப் பெயர் என்றும் சொன்னேன். கண்ணாடியைப் போட்டு வெகுநேரம் பார்த்தாள்.

“மாப்பிள்ளைக்கு எம்மேல இவ்வளவு மதிப்பா?”

நான் மறுக்கவில்லை.

மார்ச் 13, வெள்ளி

என் மிஷின் சமையல் மூலைக்குத் திரும்பியது. அத்தைக்குப் பிளக் கிடைத்தது. வாசலிலிருந்து ஒரு ஒயர் காதுக்கு. மாடி ஒயர் ஐந்தும் வாய்க்கு. கம்பெனிக்காரன் படித்த படிப்புக்கு இதைப் பார்த்தால் அழுவான்.

நான்கு மாடிக்கு வந்துவிட்டது. மூன்றாம் மாடிக்கு மட்டும் வரவில்லை. அங்கே திருப்பத்தில் சுவரில் இருக்கிற சின்னப் பெட்டியை அணைத்துப் போடவேண்டும் என்று நெட்டையன் போனில் சொல்கிறான். எத்தனையோ மாடி இருக்க, மூன்றாவதா?

மார்ச் 14, சனி

போனேன். படியில்தான். அணைத்தேன், பத்து எண்ணினேன், போட்டேன். பச்சை விளக்கு எரிந்தது. தரையைப் பார்க்காமல் இறங்கி வந்துவிட்டேன்.

மார்ச் 15, ஞாயிறு

ஆட்டத்தை நான் பார்க்கவில்லை. நம் வீட்டில் ஒரு டிவி குறைந்தால் அந்த அளவுக்கு லைனுக்கு நல்லது என்று அம்மாவையும் பார்க்க விடவில்லை. அப்படி இல்லையென்று எனக்கே இப்போது தெரியும். பயம்தான். மிஷினில் உட்கார்ந்து யாருடைய சட்டைக்கோ கை வைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் கோல். ஐந்து மாடியும் ஒரே நொடியில், ஒரே கத்தல். ஒருத்தர் முந்தவில்லை, ஒருத்தர் பிந்தவில்லை. சட்டைக் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டேன்.

கடைசிவரை நிற்கவில்லை. கூட்டமும் நடக்கவில்லை. செயலாளர் வந்து நின்றார்.

“பழைய ஏற்பாடே போதும்னு நான்தான் அன்னிக்கே சொன்னேனேம்மா.”

ஆமாம் சார், மறக்கவே முடியாது என்றேன்.

மார்ச் 17, செவ்வாய்

அறிவிப்புப் பலகையில் உங்கள் பெயரை எடுத்துவிட்டு என் போன் நம்பரை எழுதியிருக்கிறார்கள். அறை நமக்குத்தான். காலையிலிருந்து மூன்று வீட்டுக்குப் போய்வந்தேன். இரண்டில் பிளக்கே போடவில்லை. உங்கள் பொறுமை எனக்கு வராது.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கத்தல் மிஷின் ஓடும்போதே எனக்குக் கேட்டது. அன்றிலிருந்து அது ஒன்றே மண்டைக்குள் சுற்றுகிறது. மத்தியானம் அம்மாவை லிஃப்டில் மூன்றாம் மாடிக்கு அனுப்பினேன். திருப்பத்தில் நின்று என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடு என்றேன். எதற்கென்று அவள் கேட்கவே இல்லை. அம்மா கேட்காமல் போனது இதுதான் முதல் தடவை. நான் மிஷினை ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இறங்கி வந்து, “நாலு தடவ கூப்பிட்டேன்டி” என்றாள்.

எனக்கு ஒன்றுகூடக் கேட்கவில்லை. அம்மாவின் தொண்டைக்கே அந்தக் கதி. உங்களுக்கு உரக்கப் பேசவே வராது.

நீங்கள் விழுந்த அன்றைக்கும் மிஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது, சிக்கு. என்னைக் கூப்பிட்டீங்களா?