திங்வெட்லிரில் ஒரு கல்யாண அறிவிப்பு

ஜூன் 3, செவ்வாய். காரைக்கால்

பெட்டியை மறுபடியும் பிரித்துக் கட்டினேன். ஐஸ்லாந்தில் இப்போது கோடைக்காலமாம். மகள் பிரியா சொல்லும் கோடைக்கு கம்பளி உள்ளாடை, கையுறை, மழைக்கோட்டு எல்லாம் வேண்டியிருக்கிறது. பூகம்பத்தைப் பற்றிப் படிக்கப் போன பெண், அங்கேயே வேலையில் ஒட்டிக்கொண்டாள். அப்பனுக்கு டிக்கெட்டும் எடுத்து அனுப்பிவிட்டாள். மின்துறையிலிருந்து ரிடையர் ஆனவன் வேலை இருக்கிறது என்று பொய் சொல்லவும் முடியாது.

மாலையில் தபால் ஆபீஸ் மூடும் நேரத்துக்குப் போய், அங்கே கவுண்டரில் வேலை பார்க்கும் உமாமகேஸ்வரியைப் பார்த்தேன்.

“பொண்ணுகிட்ட சொல்லிட்டு வாங்க. சொல்லாம வந்தீங்கன்னா, ஸ்டாம்பு வாங்கக்கூட இந்தப் பக்கம் வராதீங்க” என்றார். விளையாட்டுக்குச் சொன்னது மாதிரித் தெரியவில்லை.

கல்யாணம் என்ற வார்த்தையை முதலில் சொன்னதே அவர்தான். நான் ‘அந்த விஷயம்’, ‘அந்த விஷயம்’ என்று ஏதோ கோர்ட் கேஸ் போலச் சுற்றிக்கொண்டிருந்தேன். மனைவி கோமதி போய் நான்கு வருடம். எனக்கு அறுபத்தொன்று. இந்த வயதில் முடி போகிறது, பல் போகிறது, வெட்கம் மட்டும் போகமாட்டேன் என்கிறது.

ஜூன் 7, சனி. ரெய்க்யவிக்

வந்து சேர்ந்தேன். திருஞானசம்பந்தம் என்ற பெயரைப் படிக்க முயன்று, பாதியில் கைவிட்டு, முத்திரை குத்தி அனுப்பிவிட்டான் விமான நிலையத்துப் பையன். வெந்நீர்க் குழாயைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம். “பூமிக்குள்ளேருந்து நேரா வருதுப்பா” என்று பிரியா பெருமைப்படுகிறாள். நாற்றத்துக்கும் பெருமை. இருட்டவே இல்லை. சூரியன் ஓவர்டைம் பார்க்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

இன்றும் சொல்லவில்லை. இந்தச் சைவப் பெயரை வைத்துக்கொண்டு இரண்டு கிண்ணம் ஆட்டுக்கறி சூப் குடித்தேன்.

ஜூன் 14, சனி

எப்படி எழுதுவது? வரிசையாகவே எழுதுகிறேன்.

பிரியா காரில் திங்வெட்லிர் தேசியப் பூங்காவுக்குக் கூட்டிப்போனாள். பூங்கா என்றதும் நான் ஊஞ்சல், பட்டாணி சுண்டல் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் பூமி பிளந்து கிடக்கிறது. இரண்டு பக்கமும் கருங்கல் சுவர், நடுவில் நடைபாதை. அமெரிக்கா இந்தப் பக்கம், ஐரோப்பா அந்தப் பக்கம், கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொண்டிருக்கின்றன என்றாள். நான் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். காரைக்காலில் கல் என்றால் அது லாரியில் வந்தது. தோண்டினால் மண், இன்னும் தோண்டினால் தண்ணீர். இவ்வளவு கல்லை ஒரே இடத்தில் பார்க்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

மேலே ஒரு மேடு, அதில் ஒரு கொடிக்கம்பம். ஆயிரம் வருடத்துக்கு முன்பு இவர்களுடைய சட்டசபை இங்கேதான் கூடியதாம். கூரையில்லை, நாற்காலியில்லை. ஒருவர் பாறைமேல் நின்று சட்டத்தை மனப்பாடமாகச் சொல்வாராம், ஊரே கேட்குமாம்.

“நம்ம சட்டசபைக்குப் போக இன்னொரு மாநிலத்தத் தாண்டணும். தாண்டிப் போனாலும் கேக்குறதுக்கு ஆள் இருக்கணும்” என்றேன்.

சிரித்தாள். “நீங்களும் ஏதாவது சத்தமா சொல்லுங்கப்பா. எதிரொலி வருதான்னு பார்ப்போம்.”

ஏன் அப்படிச் செய்தேன்? சத்தமாகக்கூட இல்லை. “நான் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன்” என்றேன்.

காற்று. “என்னப்பா? கேக்கல.”

கத்திச் சொன்னேன். இந்தத் தடவை கேட்டது. பாறைக்கும் கேட்டது. மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட ஒரு கூட்டம் திரும்பிப் பார்த்தது. தமிழ் தெரியாத நாட்டில் இருக்கிறோமே என்று முதல்முறையாக நன்றி சொன்னேன்.

அவளுக்குத் தமிழ் தெரியுமே. முகம் அப்படியே நின்றுவிட்டது. யார், எந்த ஊர் என்று கேட்கவில்லை. “எல்லாம் முடிஞ்சிருச்சா?” என்றாள்.

“இல்லம்மா, இன்னும்...”

“அம்மா போனப்ப, நான் ஃபிளைட்ல இருக்கும்போதே எடுத்துட்டீங்க. ஒரு நாள் வெச்சிருக்க முடியலல்ல? வந்து எறங்குனேன், சாம்பல்தான் இருந்துச்சு. இதுவும் முடிஞ்சப்புறம் தகவல் சொல்றீங்களா?”

இந்த நான்கு வருடத்தில் அவள் இதைச் சொன்னதேயில்லை. சொந்தக்காரர்கள் அவசரப்படுத்தினார்கள், கொளுத்தும் வெயில், ஐஸ் பெட்டி கிடைக்கவில்லை... எல்லாம் வாயில் வந்தது. எதையும் சொல்லவில்லை. “இன்னும் எதுவும் முடியலம்மா. ஒன்னக் கேக்காம முடிக்கமாட்டேன்” என்றேன்.

“கேக்குறீங்களா, சொல்றீங்களா?”

“கேக்குறேன்.”

“வேணாம்னு சொன்னா?”

மழைக்கோட்டு ஜிப்பை மேலே இழுத்தேன், கீழே இழுத்தேன். அவள் கார் நிறுத்துமிடத்துக்கு நடந்துவிட்டாள். நான் பின்னாலேயே போனேன். வழியில் ஒரு பச்சைத் தண்ணீர்க் குட்டை. பெண்களை மூழ்கடித்துத் தண்டனை கொடுத்த இடம் என்று பலகை. ஆண்களை என்ன செய்தார்கள் என்று கேட்கத் தைரியமில்லை.

வீடு வரைக்கும் வைப்பர் சத்தம்தான்.

ஜூன் 15, ஞாயிறு

காபி வைத்திருந்தாள். சர்க்கரை இல்லை. மறந்தாளா, தண்டனையா?

ஜூன் 16, திங்கள்

அவள் வேலைக்குப் போன பிறகு உமாவுக்கு போன் போட்டேன். “சொல்லிட்டேன். கோவமா இருக்கா. வேணாம்னா என்ன பண்றதுன்னு கேட்டா, பதில் சொல்லத் தெரியல” என்றேன்.

“தெரியலன்னே சொல்லியிருக்கலாமுங்க. அந்தப் புள்ள கேட்டது ஒங்க பதில இல்ல. தனக்கும் ஒரு எடம் இருக்கான்னு கேட்டுருக்கு.” பிறகு, “மொதல்ல அவ மனசப் பாருங்க. நான் எங்கயும் ஓடிப்போகல” என்றார்.

மாலையில் பிரியா வந்ததும் அப்படியே சொன்னேன். “தெரியலம்மா. நீ வேணாம்னா என்ன பண்ணுவேன்னு தெரியல. அன்னைக்கு ஒனக்காக நிறுத்தியிருக்கணும். நிறுத்தல.” அழுதுவிட்டேன் சனியன். மூக்கைச் சிந்த அவள்தான் டிஷ்யூ கொடுத்தாள்.

ஜூன் 17, செவ்வாய்

இவர்களுடைய குடியரசு நாள், விடுமுறை. திங்வெட்லிரில்தான் அதையும் அறிவித்தார்களாம். தெருவில் பேண்டு வாத்தியம், மழை.

“அவங்க நம்பர் குடுங்க” என்றாள் பிரியா. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வெளியே உட்கார்ந்து, ஒரு எழுத்தும் புரியாத ஐஸ்லாந்துப் பத்திரிகையை முழுக்கப் படித்தேன். உள்ளே சத்தமில்லை. பிறகு மூக்கு உறிஞ்சும் சத்தம். பிறகு பேச்சு, பேச்சு, பேச்சு.

வெளியே வந்து போனை என் மடியில் போட்டாள். “ஒங்களுக்கு அவங்க ஏன் வேணும்னு புரியுதுப்பா. அவங்களுக்கு நீங்க எதுக்குன்னுதான் புரியல.”

“அப்ப?”

“டிசம்பர்ல எனக்கு லீவு.”

டிசம்பர் 27, சனி. காரைக்கால்

நேற்று பதிவு அலுவலகத்தில் முதல் சாட்சியாக பிரியா கையெழுத்துப் போட்டாள். பேனா எழுதவில்லை. உதறி உதறிப் போட்டதில் என் வேட்டியெல்லாம் மை.

இன்று காலையில் அவளும் உமாவும் கடற்கரைக்குக் கிளம்பினார்கள். என்னைக் கூப்பிடவில்லை. சிலிண்டர் வருமாம், வீட்டில் ஆள் வேண்டுமாம். சாம்பாரும் வைத்துவிடச் சொன்னார்கள். துவரம்பருப்பு எந்த டப்பாவில் என்று போன் போட்டுக் கேட்டேன். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. அலைச் சத்தத்தில் எது யாருடைய சிரிப்பு என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.