மூன்றாவது வாரத்து நடை

சேசு மரி சூசை துணை

கும்மிடிப்பூண்டி,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகன் எட்வர்டுக்கு அம்மா எழுதுவது. நீயும் சோனியாவும் குழந்தையும் டப்ளினில் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். இங்கே நான் சுகம் என்று வழக்கமாக எழுதும் வரியை இந்த முறை எழுதவில்லை. காரணம் கீழே வரும், பதறாமல் வரிசையாகப் படி. போனில் சொல்ல முடிந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமையே சொல்லியிருப்பேன். அன்றைக்கு நீ அத்தனை சந்தோஷமாகப் பேசினாய், எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி சென்னையிலிருந்து படம் எடுக்க ஆட்கள் வருவார்கள், நான் கையில் அடி எண்ணும் அந்தப் பட்டையைக் கட்டிக்கொண்டு தெருவில் நடந்து காட்டினால் போதும், அதைப் பணம் போடப் போகிறவர்கள் முன்னால் போட்டுக் காட்டப் போகிறேன் என்றாய். அப்பா போன துக்கத்தில், மூன்று வாரத்துக்கு ஒரு வாரம் இரவெல்லாம் நான் தூங்காமல் நடந்ததை அங்கே உன் திரையில் பார்த்து அழுதாயாம். அதிலிருந்துதான் துக்கத்தில் தூக்கம் வராதவர்களுக்கென்று உன் ஆப்பில் ‘இரவு நடை’ என்ற பகுதியை உண்டாக்கினாயாம். அதற்குத்தான் இன்றைக்கு நாற்பதாயிரம் பேர் மாதாமாதம் பணம் கட்டுகிறார்கள், போன வருஷம் முதல் தடவையாக லாபம் பார்த்ததும் அதனால்தான் என்றாய். கடைசியில், “நீ ராத்திரியில நடந்த நடைதாம்மா இந்தக் கம்பெனி” என்றாய். எட்வர்ட், அந்த நடை என்னுடையது இல்லை. அது மெர்சியின் நடை.

நம் பின்கட்டில் குடியிருக்கும் மெர்சியை உனக்குப் போனில் தெரியும், சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங்கில் வேலை செய்கிறவள். அப்பா இறந்த வருஷத்துக் கிறிஸ்துமஸுக்கு நீ பட்டையை அனுப்பினாய். ஐந்து வாரம் நான் நிஜமாகவே நடந்தேன், வீட்டிலிருந்து கோவில், கோவிலிலிருந்து வீடு. பிப்ரவரியில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அந்தோணி மாமாதான் திருவள்ளூரில் சேர்த்துக் கையெழுத்துப் போட்டு பிளேட் வைக்கச் சொன்னார். நான் மாமா வீட்டில் தங்கியிருப்பதாக உன்னிடம் சொன்னதெல்லாம் அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்துதான். அப்போது நீ நல்ல உத்தியோகத்தை விட்டுவிட்டு இரண்டு நண்பர்களோடு இந்தக் கம்பெனியைத் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. சொன்னால் ஓடி வந்திருப்பாய், வந்தால் அது அப்படியே நின்று போயிருக்கும். இதுதான் காரணம் என்று மூன்று வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முழுக் காரணம் அதுவல்ல. தெருவில் யாரும் என்னைக் கைத்தாங்கலாகப் பார்க்கக்கூடாது என்ற கர்வமும் இருந்தது. கான்வென்டில் சிஸ்டர்கள் அடிக்காமலே நேராக நடக்கக் கற்றவள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவள் அல்லவா நான்.

பட்டையில் பதினோரு நாள் ஒன்றும் காட்டவில்லை என்று நீ பயந்துபோய்க் கேட்டாய். சார்ஜ் போடவில்லை என்று பொய் சொன்னேன். அந்தப் பொய்யைக் காப்பாற்றத்தான் பட்டையை மெர்சி கையில் கட்டினேன். அவள் கம்பெனிக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள், ஆனால் இது பார்க்க வாட்ச் மாதிரிதானே. அவள் வேலை முடிந்து வந்து என் போன் பக்கத்தில் பட்டையை வைத்ததும் அன்றைய நடை முழுவதும் ஏறிவிடும். ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் மதியம், மூன்றாவது வாரம் இரவு. அதுதான் நீ பார்த்த துக்கம். இரவு வாரத்தில் எளாவூர் பக்கம் லாரி நெரிசலில் கம்பெனி பஸ் மாட்டிக்கொண்டு எட்டு மணிக்கு மேல்தான் வந்து சேருவாள். உன் ஆப் அனுப்பிய ‘உங்கள் துயரத்தில் உடன் நடக்கிறோம்’ என்ற வரியை ஒரு நாள் அவளுக்குப் படித்துக் காட்டினேன். வீங்கிய காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு அப்படிச் சிரித்தாள். “யாருக்கும்மா துக்கம்? டார்கெட் முடிக்கலன்னு சூப்பர்வைசர் கத்திக்கினு கீறான், நான் ஓடிக்கினு கீறேன்” என்றாள்.

ஒரு வாரத்தில் நிறுத்திவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் பத்தாயிரம் அடி தாண்டிய நாளில் நீ தவறாமல் கூப்பிட்டாய். சின்ன வயசில் பரீட்சை பேப்பரைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவாயே, அந்தக் குரலில் பேசினாய். குறைந்த நாளில் மிஷின்தான் எனக்குச் செய்தி அனுப்பியது. அந்தக் குரலுக்காக நான் மெர்சியை நடக்க விட்டேன். வீடியோவில் நீ என்னைப் பார்க்கும்போதெல்லாம் நான் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்ததைக் கவனித்திருக்க மாட்டாய். வாக்கரைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிடுவேன். நீ வருகிறேன் என்ற இரண்டு தடவையும் தொழிலைப் பார் என்று தடுத்தேன். ஏன் தூங்கவில்லை என்று நீ ஒரு தடவை கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று மேலே எழுதப் பார்த்தேன். அதுவும் பொய். கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் நீ கேட்டிருக்கலாம், எட்வர்ட். இரவெல்லாம் அம்மா நடக்கிறாள் என்று பார்த்துவிட்டு நீ எனக்குத் தூக்கம் வர ஒரு பாட்டைத்தான் அனுப்பினாய்.

பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சாமியார் மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லிவிட்டு, மகனிடம் சொல்லும்மா என்றார். மந்திரத்தை அன்றைக்கே முடித்துவிட்டேன், இது மட்டும் நான்கு மாதமாக நின்றது. படம் எடுக்க ஆள் வருகிறது என்று மெர்சியிடம் சொன்னதும் அவள் பட்டையைக் கழற்றி என் மடியில் வைத்துவிட்டாள். “இன்னாம்மா, படத்துல மூஞ்சி உங்களுது, காலு என்னுதுன்னு போடுவாங்களா? அண்ணங்கிட்ட சொல்லிடுங்க, நாளைக்கு வெளிய தெரிஞ்சா அவருக்குத்தான் அசிங்கம்” என்றாள். அவளுக்கு இருந்த யோசனை எனக்கு இல்லாமல் போனது.

ஆகையால் அந்த ஆட்களை வரவேண்டாம் என்று சொல்லிவிடு. பணம் போடுகிறவர்களிடம் என் பெயரைச் சொல்லியிருந்தால், அம்மா சொன்னது பொய் என்று என் பெயரிலேயே சொல், உன் மேல் ஏற்றுக்கொள்ளாதே. அவர்கள் கைவிட்டுவிட்டால் உன் வேலைக்காரர்களும் நீயும் என்ன பாடுபடுவீர்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். அந்த நாற்பதாயிரம் பேர் தூங்காமல் நடப்பது நிஜம்தான், அவர்களுக்கு உன் வேலை உதவுகிறது. அதை மூடாதே. என்னை மட்டும் அதிலிருந்து எடுத்துவிடு.

திங்கட்கிழமையிலிருந்து பட்டை என் கையில் இருக்கிறது. நேற்று இருநூற்றுப் பன்னிரண்டு. கட்டிலிலிருந்து அடுப்படிக்கும், அடுப்படியிலிருந்து அப்பா படத்துக்கும் வாக்கரோடு போய் வந்த கணக்கு அது. திடீரென்று குறைந்துவிட்டதே என்று பயப்படாதே. நான் நடப்பது அவ்வளவுதான். கூப்பிடத் தோன்றினால் அதைப் பார்க்காமல் கூப்பிடு.

குழந்தைக்குச் சளி விடும்வரை தலைக்கு ஊற்ற வேண்டாம் என்று சோனியாவிடம் சொல். அப்பாவின் நினைவுப் பூசைக்குத் தேதி குறித்தாயிற்று, ஆகஸ்ட் ஒன்பது, அங்கேயும் ஒரு பூசை சொல்லிவை. ஆண்டவர் உன் கைவேலையை ஆசீர்வதிப்பாராக, உன் வாயையும் என் வாயையும் பொய்க்கு விலக்கிக் காப்பாராக. ஒன்று மறக்காதே. இது மூன்றாவது வாரம், மெர்சிக்கு இரவு ஷிப்ட். இனி இரவில் பட்டை ஒன்றும் காட்டாது. அதைப் பார்த்து நான் தூங்குகிறேன் என்று நினைத்துவிடாதே.

உன் அம்மா,
ஞானம்மா ராஜமாணிக்கம்