மேலே மொறுமொறுன்னு

மார்ச் 3, திங்கள்
பெண்கள் வார்டு, ஜன்னலோரக் கட்டில்

சுண்டெலியின் அப்பாவுக்கு,

நலம் என்று எழுதினால் பொய். நலமில்லை என்று எழுதினால் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மீதியைப் படிக்காமலே வேலைக்குக் கிளம்பிவிடுவீர்கள். நடுவில் ஏதோ ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வார்டில் போன் கூடாது என்கிறார்கள். போன் இருந்தாலும் நாம் பேசி என்ன ஆகப்போகிறது? பிரிந்து வந்த பிறகு எந்தப் பேச்சு மூன்றாவது வாக்கியத்தைச் சண்டையில்லாமல் தாண்டியிருக்கிறது? நேரில் வந்து பார்க்கச் சொன்னாலும் நீங்கள் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டப் போவதில்லை. சுண்டெலி பிறந்த அன்றைக்கே கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு என் தங்கையிடம் "என்ன குழந்தை?" என்று கேட்டவர்தானே. அதனால் இந்தத் தபால்காரி வேலையும் அவள் தலையில் விழுந்திருக்கிறது.

நான் கேட்டதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, என் வீட்டிலேயே தங்கி அவளைப் பார்த்துக்கொள்கிறீர்கள். அதற்கு நன்றி சொல்ல வேண்டும், சொல்லிவிட்டேன். ஆனால் அவள் சாப்பிடவில்லையாமே? பாலும் பிஸ்கட்டும் தவிர வாயைத் திறப்பதில்லை, "மேலே மொறுமொறுன்னு இருக்குமே, அதுதான் வேணும்" என்று ஒரே பிடிவாதம் என்று தங்கை சொன்னாள். ஆறு வயதுக்கு அவள் ஏற்கெனவே ஒல்லி. உங்கள் பிடிவாதம், என் உடம்பு. நல்லதாக எதையும் நாம் அவளுக்குக் கொடுக்கவில்லை.

எழுதுகிறேன், செய்யுங்கள். உருளைக்கிழங்கை முக்கால் வேக்காடு வேகவைத்து, ஆறியதும் தோலுரித்து, சட்டைக் காலர் கனத்துக்கு வட்டமாக நறுக்குங்கள். தையல்காரிக்கு வேறு கணக்குத் தெரியாது. வெண்ணெயை உருக்கி மைதாவைப் போட்டுப் பச்சை வாசனை போக வறுத்து, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டி தட்டாமல் கிளறுங்கள். உப்பு, மிளகுத்தூள், நசுக்கிய பூண்டு இரண்டு பல். அடுப்பை அணைத்தபிறகு துருவிய சீஸில் பாதியைக் கொட்டுங்கள். கண்ணாடி ட்ரேயில் கிழங்கு ஒரு அடுக்கு, இந்தச் சாஸ் ஒரு அடுக்கு, மறுபடி கிழங்கு, மறுபடி சாஸ். பிறகு காய்ந்த பிரட்டைப் பொடித்து, கார்ன்ஃப்ளேக்ஸைக் கையால் நொறுக்கி, மீதிச் சீஸும் உருக்கிய வெண்ணெயும் சேர்த்துப் பிசிறி மேலே தூவுங்கள். ஓவன் குமிழை நாலில் வையுங்கள். ஓரத்தில் கொப்பளித்து, மேலே பொன்னிறம் வந்ததும் எடுங்கள். மூடி போடாதீர்கள், நமத்துப்போகும்.

ஆபரேஷன் பயம் ஒரு பக்கம் இருக்கட்டும். நான் திரும்பி வராவிட்டால் இதை அவளுக்கு யார் செய்து தருவார்கள் என்பதுதான் பெரிய பயமாக இருக்கிறது. தயவுசெய்து கற்றுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சுண்டெலியின் அம்மா


மார்ச் 5, புதன்

சுண்டெலியின் அம்மாவுக்கு,

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: யாருக்கும் எதுவும் ஆகவில்லை. இதைப் படித்தபிறகு மூச்சை விடு. இப்போது மீதியைப் படி.

கிழங்கு வெந்தது. காலர் கனத்துக்கே நறுக்கினேன், ஒன்றிரண்டு கோட்டுக் காலராக இருந்திருக்கலாம். சாஸ் கட்டி தட்டியது, வடிகட்டிவிட்டேன். சுண்டெலி ஸ்டூலில் உட்கார்ந்து கார்ன்ஃப்ளேக்ஸை நொறுக்கினாள், நொறுக்கியதில் பாதி வாய்க்குள் போயிற்று. அதைப் பார்த்தே எனக்குப் பாதி உயிர் வந்தது. ஓவன் குமிழ் கோணலாக மாட்டியிருந்தது. எதையும் கோணலாக விட்டு வைக்க எனக்கு வராது, உனக்கே தெரியும். கழற்றி நேராக மாட்டினேன். நீ சொன்னபடி நாலில் வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் கறுப்புப் புகை. கதவைத் திறந்தால் மேலே இருந்த பிரட் தூளெல்லாம் எரிகிறது. நான் செய்த முட்டாள்தனம், ஒரு சொம்புத் தண்ணீரை அதன்மேல் ஊற்றியது. கண்ணாடி ட்ரே 'டப்'பென்று வெடித்துச் சமையலறை முழுக்கச் சிதறியது. திரும்பிப் பார்த்தால் ஸ்டூலில் பிள்ளை இல்லை.

அந்த ஒரு நிமிஷம் நான் பிழைத்ததே பெரிது. ஹாலில் மேஜைக்கு அடியில் உன் தையல் துணி மூட்டைக்குப் பின்னால் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உடம்பு முழுக்கத் தடவிப் பார்த்தேன், ஒரு கீறல் இல்லை. "அம்மா செஞ்சா புகையே வராது" என்றாள். இப்போது சமையலறைப் பக்கமே வரமாட்டேன் என்கிறாள்.

பத்து மாடி லிஃப்ட் குழியில் ஒற்றைப் பெல்ட்டில் தொங்கி வேலை பார்க்கிறவன் நான். இந்த ஓவனைக் கண்டால் சுற்றிக்கொண்டு போகிறேன். எனக்கு இது வராது. வெளியில் வாங்கித் தரட்டுமா?

இப்படிக்கு,
உன் வீட்டைக் கொளுத்தப் பார்த்தவன்


மார்ச் 6, வியாழன்

சுண்டெலியின் அப்பாவுக்கு,

மூச்சை விடச் சொன்னீர்கள், விட்டேன். அது திரும்பி வரத்தான் நேரமாயிற்று. நர்ஸ் ஓடி வந்து கடிதத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். சண்டை போட்டு வாங்கியிருக்கிறேன்.

யாரைக் கேட்டு அந்தக் குமிழைத் திருத்தினீர்கள்? அந்த ஓவனை ரிப்பேர் செய்து குமிழைக் கோணலாக மாட்டிவிட்டுப் போனதே நீங்கள்தான்! மறந்துபோயிற்றா? முதல் மாதம் எல்லாவற்றையும் பச்சையாக இறக்கினேன், பிறகு கரித்தேன், பிறகு அதன் கோணலுக்கு ஏற்றபடி சமைக்கப் பழகிக்கொண்டேன். என்னுடைய நாலு, உலகத்துக்கெல்லாம் இரண்டு. நீங்கள் இல்லாதபோது உங்கள் கோணலோடு குடித்தனம் நடத்தினேன். நீங்கள் வந்ததும் அதை நேராக்கி வீட்டைக் கொளுத்துகிறீர்கள்.

வெளியில் வாங்கித் தரவேண்டாம். தந்தாலும் தொடமாட்டாள். இரண்டில் வையுங்கள். கண்ணாடி வேண்டாம், அலமாரிக் கீழ்த்தட்டில் அலுமினிய ட்ரே இருக்கிறது. தண்ணீர்ச் சொம்பை வேறு அறையில் வையுங்கள்.

ஆபரேஷன் வருகிற செவ்வாய் என்று சொல்லிவிட்டார்கள். வால்வை மாற்றும் நேரத்துக்கு இதயத்தை நிறுத்தி வைப்பார்களாம். பெரிய டாக்டர் அதை ஏதோ மிஷினை எண்ணெய் போட நிறுத்துகிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார். நான் தலையாட்டினேன். அவர் போனபிறகு போர்வைக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு அழுதேன். பக்கத்துக் கட்டில் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுத்தார்.

வராது என்று எழுதாதீர்கள். நீங்கள் வராது என்றால் நான் எந்தத் தைரியத்தில் உள்ளே போய்ப் படுப்பேன்? செவ்வாய்க்கு முன்னால் அவள் ஒரு தட்டாவது சாப்பிட்டாள் என்று எனக்குச் செய்தி வரவேண்டும்.

இப்படிக்கு,
சுண்டெலியின் அம்மா


மார்ச் 9, ஞாயிறு

சுண்டெலியின் அம்மாவுக்கு,

இன்று மத்தியானம் மறுபடி செய்தேன். இரண்டில் வைத்தேன். அலுமினிய ட்ரேதான். சாஸ் கட்டி தட்டவில்லை, இதை மட்டும் கொஞ்சம் பெருமையாகவே எழுதுகிறேன்.

சுண்டெலி வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தாள். நான் ஓவன் கதவுக்கு முன்னால் கைத்துணியோடு நிற்கிறேன், திறக்கக் கை வரவில்லை. "என்னப்பா நிக்கறீங்க?" என்றாள். "பயமா இருக்கு" என்றேன். பிள்ளையிடம் இப்படிச் சொல்லலாமா தெரியாது, வாயில் வந்துவிட்டது. அவள் யோசித்துவிட்டு, "எனக்கும்" என்றாள். வந்து என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். "தெறந்துடுங்க, நான் கண்ணை மூடிக்கறேன்."

திறந்தேன். நல்ல பொன்னிறம். ஓரமெல்லாம் கொப்பளித்துக்கொண்டு, கரண்டியால் தட்டினால் 'கரக்'கென்று சத்தம். பூண்டும் சீஸும் சேர்ந்த அந்த வாசனை, நீ வாரக்கடைசியில் செய்வாயே, அதே வாசனை. தட்டில் போட்டு ஊதிக் கொடுத்தேன். ஸ்பூனைத் தூக்கினாள். வாய் வரைக்கும் கொண்டுபோனாள். அப்படியே கீழே வைத்துவிட்டாள்.

"அம்மா பண்றது மாதிரியே இருக்கா?"

"வாசனை அப்படித்தான் இருக்கு. சாப்பிட்டுப் பாரேன்."

"வேணாம். அதே மாதிரி இருந்துட்டா அம்மா வரமாட்டாங்க. அதான் நீங்க இருக்கீங்களேன்னு அங்கேயே இருந்துடுவாங்க."

இத்தனை நாளும் அவள் சாப்பிடாததற்கு என் சமையல்தான் காரணம் என்று நினைத்திருந்தேன். அவள் காவல் காக்கிறாள். பால் பிஸ்கட்டில் உயிரைப் பிடித்துக்கொண்டு, உன் இடத்தில் யாரும் உட்கார்ந்துவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"அப்படியெல்லாம் இருக்க மாட்டாங்கடா."

"நீங்க கேட்டீங்களா?"

"சித்திகிட்ட எழுதிக் கொடுத்துக் கேக்கறேன்."

"சித்தி போனா சித்திதானே கேப்பாங்க. நீங்க போங்க. நீங்க உள்ள போயிட்டீங்கன்னா சாப்பிடறேன்."

சரி என்று சொல்லிவிட்டேன். சொன்னபிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. அந்த மருந்து வாசனை வந்தாலே எனக்குத் திரும்பி ஓடத் தோன்றும். லிஃப்டை நிறுத்திச் சரிபார்த்து ஓட்டுவது என் பிழைப்பு. பவரைப் போட்டால் லிஃப்ட் ஓடும் என்று தெரியும், இருந்தாலும் போடும் முன்னால் ஒரு நொடி கும்பிடுவேன். உன்னை நிறுத்தி ஓட்டப்போகிறார்கள் என்று படித்ததிலிருந்து அந்த ஒரு நொடியிலேயே நின்றுகொண்டிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை வரட்டுமா?

இப்படிக்கு,
சுண்டெலியின் அப்பா


மார்ச் 10, திங்கள்

சுண்டெலியின் அப்பாவுக்கு,

'அதே வாசனை' என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியில் முதலில் எனக்கு வந்தது பொறாமை. கற்றுக்கொள்ளுங்கள் என்று கெஞ்சியவளும் நான்தான், கற்றுக்கொண்டீர்கள் என்றதும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டவளும் நான்தான். பிறகு அவள் சொன்னதைப் படித்தேன். அதற்குப் பிறகு எந்தக் கோபமும் மிச்சமில்லை, பயம் மட்டும்தான் இருக்கிறது.

வாருங்கள் என்று கூப்பிட மாட்டேன். கூப்பிட்டு நீங்கள் வராமல் போனால் அதையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு உள்ளே போகவேண்டும். இப்போது என்னால் கனம் தூக்க முடியாது.

ஆனால் பிள்ளை சாப்பிட வேண்டும். உள்ளே போய்ப் பார்த்தேன், கேட்டேன், எவ்வளவு நன்றாக இருந்தாலும் அம்மா வந்துவிடுவேன் என்றாள் என்று சொல்லிவிடுங்கள். என் பெயரில் ஒரு பொய் சொல்லிக்கொள்ளலாம், அனுமதி தருகிறேன். அது பொய்யாகாமல் இருக்க நான் என்னால் ஆனதைச் செய்கிறேன்.

தலைமுடியைப் பின்னிக் கட்டிவிட்டார்கள். வளையலைக் கழற்றித் தங்கையிடம் கொடுத்தாயிற்று. எல்லாரும் அன்பாக இருக்கிறார்கள், அதுவே பயமாக இருக்கிறது.

அவளுக்குச் சூடாகக் கொடுக்காதீர்கள், அவசரத்தில் நாக்கைச் சுட்டுக்கொள்வாள்.

இப்படிக்கு,
சுண்டெலியின் அம்மா


மார்ச் 11, செவ்வாய்
மூன்றாவது மாடி, ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே

என் வீட்டுக்காரிக்கு,

வந்துவிட்டேன். சீக்கிரம் வரவில்லை. விடிந்ததும் ட்ரேயை ஓவனில் வைத்து எடுத்து, உன் தங்கையையும் சுண்டெலியையும் வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினேன். கேட் வரைக்கும் கால் நன்றாக வந்தது. அங்கே பழைய இடத்திலேயே நின்றுவிட்டேன். வாட்ச்மேன் இரண்டு தடவை "யாரைப் பாக்கணும்?" என்று கேட்டார். நான் உள்ளே வருவதற்குள் உன்னைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். உன் முகத்தைப் பார்க்கவில்லை.

லிஃப்டில்தான் ஏறினேன். கதவு ரோலர் தேய்ந்திருக்கிறது, மூடும்போது தட்டுகிறது. அதைப் பற்றியே யோசித்துக்கொண்டு மூன்று மாடியைக் கடந்தேன்.

ஒரு நர்ஸ் பதிவேட்டோடு வந்து, "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு நம் இரண்டு பேரிடமும் பதில் இல்லாமல்தான் இத்தனை நாள் ஓடியது. "வீட்டுக்காரர்" என்றேன். அவர் அதைச் சாதாரணமாக எழுதிக்கொண்டு போனார்.

வராந்தாக் கோடிக்குப் போய் வீட்டுக்குப் போன் போட்டேன். சுண்டெலி நம்பவில்லை. "நெஜமா உள்ள இருக்கீங்களா? சத்தம் காட்டுங்க" என்றாள். போனை லிஃப்ட் பக்கம் நீட்டினேன். கதவு தட்டிற்று, பெண் குரல் 'மூன்றாம் தளம்' என்றது. "இது உங்க ஆபீசா இருக்கும்" என்றாள். யாருக்குப் பிறந்தவள்! அந்த நேரம் பார்த்து ஸ்ட்ரெச்சர் ஒன்று வந்தது, "வழி விடுங்க, தியேட்டர் கேஸ்" என்று ஒருவர் கத்தினார். அப்புறம்தான் நம்பினாள்.

நீ சொல்லச் சொன்னதைச் சொன்னேன். பொய்யை மட்டும் எடுத்துவிட்டுச் சொன்னேன். "அம்மாவை நான் இன்னும் பாக்கல. ஆனா எவ்வளவு நல்லா இருந்தாலும் வந்துடுவேன்னு எழுதியிருக்காங்க" என்றேன். உன் தங்கை போனை அவள் வாய்க்குப் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும். ஸ்பூன் தட்டில் படுகிற சத்தம் கேட்டது. அப்புறம் மொறுக், மொறுக். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். வாயில் அடைத்துக்கொண்டு "உப்பு கம்மி" என்றாள்.

அதற்குப் பிறகு ரொம்ப நேரமாக உட்கார்ந்திருக்கிறேன். என்னோடு காத்திருந்தவர்களில் ஒரு குடும்பம் அழுதுகொண்டே எழுந்து போனது. கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து எழுந்து உட்காருகிறேன். ஓடிப்போகலாம் என்று ஒரு தடவை படிக்கட்டு வரைக்கும் போனேன், பொய் சொல்லப் போவதில்லை. திரும்பி வந்து இந்தக் காகிதத்தை எடுத்தேன். எழுதிக்கொண்டிருந்தால் உட்கார்ந்திருக்கலாம்.

இப்போதுதான் அதே நர்ஸ் வந்தார். சாயங்காலம் ஆகிவிட்டது. "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. கண்ணு முழிச்சுட்டாங்க. தொண்டையில கொழாய் இருக்கு, பேச முடியாது. கையைக் கையை வாய்கிட்ட கொண்டுபோய் என்னமோ கேக்கறாங்க. தண்ணியான்னா இல்லேன்னு தலையாட்டறாங்க. எங்களுக்குப் புரியல. என்ன கேக்கறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன்.

"அப்ப ஒருத்தர் மட்டும் உள்ள வரலாம். பாத்துட்டு உடனே வந்துடணும்."

பச்சை அங்கி ஒன்றைக் கொடுத்திருக்கிறார், பின்னால் முடிச்சு இரண்டாவது தடவைதான் நின்றது. சாப்பிட்டுவிட்டாள் என்று இந்தக் காகிதத்தை அவரிடம் கொடுத்தனுப்பலாம்தான். வேண்டாம், நானே வந்து சொல்கிறேன்.

இப்படிக்கு,
கதவுக்கு வெளியே நிற்கும் உன் வீட்டுக்காரன்